ஆறடி அகலம், இரண்டரை அடி உயரம்

ஆலங்குளத்துக்குக் கிழக்கே ஈச்சங்குளம் என்ற ஊரில், செவல் மண் சரிவில் சுடலையம்மாளுக்கு மூன்று ஏக்கர் முப்பது சென்ட் மானாவாரி நிலம் இருந்தது. புருஷன் தவசிமுத்து மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளைச் சத்திரப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தாள். அந்த நிலத்தை அவள் ஒற்றை ஆளாகத்தான் உழுது விதைத்தாள்.

எண்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் ஒரு மழை பெய்தது. நாலு மாதம் வானத்தைப் பார்த்து ஏங்க வைத்துவிட்டு, ஒரே மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த மழை. விட்டதும் காட்டுக்கு ஓடினாள். இடையில் விழுந்த ஒரு தூறலில் முளைத்து இரண்டு இலை விட்டிருந்த பருத்திக் கன்றுகளைக் காணோம். கன்றுகள் நின்ற மண்ணையும் காணோம். சரிவின் நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஒரு புது ஓடை விழுந்திருந்தது. அதன் வழியே அவளுடைய செம்மண் பாயசம் மாதிரி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

கொழுந்தன் காசிராஜன் பின்னாலேயே வந்து நின்றான். அவன் நிலம் சரிவின் கீழே, அவள் நிலத்தை ஒட்டி இருந்தது.

"மதினி, இது ஒங்களால ஆகிற காரியமில்ல. பேசாம எங்கிட்ட விட்டுட்டு மக வீட்டுக்குப் போயிருங்க. வருசத்துக்கு ரெண்டு மூட தவசம் அனுப்பி வைக்கேன்."

"மண்ணு போச்சுன்னா மண்ண எப்படி நிறுத்தன்னு பாப்பேன். நான் எதுக்குவே போகணும்?" என்றாள் சுடலையம்மாள்.

சொல்லிவிட்டாளே தவிர, மண்ணை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாது. மழைக்குத் தப்பிய ஓரத்துப் பருத்தியை எடுத்து, பங்குனியில் ராஜபாளையம் கமிஷன் கடைக்குக் கொண்டுபோனாள். அங்கே எடை போடக் காத்திருந்த இடத்தில், வத்திராயிருப்பிலிருந்து வந்த தங்கச்சாமி என்பவர் பேச்சுக் கொடுத்தார். மண் போன கதையை அவள் சொன்னாள்.

"எங்க மச்சினன் காட்டுலயும் இதே கததான் தாயி. பொறவு கவர்மெண்டுல வந்து சரிவுக்குக் குறுக்க வரப்புப் போட்டுக் குடுத்தாவ. வளைஞ்சு வளைஞ்சு போகும். இப்ப ஒரு பிடி மண்ணு நகரல."

"கவர்மெண்டா? எந்த ஆபீஸுல கேட்டாவ?"

"அது தெரியல தாயி. மண் பாதுகாப்புன்னு சொன்னாவ. சீவிலிபுத்தூர்ல எங்கயோ இருக்காம்."

எங்கயோ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சுடலையம்மாள் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. தாலுகா ஆபீஸில் கேட்டாள். யூனியன் ஆபீஸுக்குப் போகச் சொன்னார்கள். யூனியன் ஆபீஸில், விவசாய டிப்போவில் கேள் என்றார்கள். டிப்போவில் இருந்தவர் விதையும் மருந்தும்தான் நம்ம வேலை என்று கையை விரித்தார். ஐந்தாவது தடவை சீவிலிபுத்தூர் போனபோதுதான், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், மாடியில், துருப்பிடித்த போர்டு ஒன்றில் மண் பாதுகாப்பு என்ற எழுத்துகளைக் கண்டாள். ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் படியேறினாள்.

உள்ளே தடித்த கண்ணாடி போட்ட ஹெட் கிளார்க் ஒருவர் இருந்தார். ஜன்னலோரம் ஜெயபாய் என்ற டைப்பிஸ்ட் பெண் தட்டிக்கொண்டிருந்தாள். சுடலையம்மாள் சொன்னதை ஹெட் கிளார்க் பாதிதான் கேட்டார்.

"உங்க ஊருக்கு அப்படி ஒரு திட்டமும் இல்லம்மா. போயிட்டு வா."

"வத்திராயிருப்புப் பக்கம் இருக்கே சார்."

"அங்க இருக்கும். உனக்கு இல்ல."

"சரி சார். இல்லைங்கிறத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு?"

"ஊர்ல கேப்பாவ. வாயால சொன்னாருன்னா நம்பமாட்டாவ."

"இதெல்லாம் எழுதித் தர முடியாது."

"அப்ப இருக்குன்னு அர்த்தமா சார்?"

ஜெயபாயின் தட்டல் ஒரு நிமிஷம் நின்று மறுபடி தொடங்கியது. ஹெட் கிளார்க் ஒரு கட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சுடலையம்மாள் சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் சாப்பிடப் போனார், வந்தார். டீ குடிக்கப் போனார், வந்தார். அவள் அங்கேயே இருந்தாள். ஐந்தரை மணிக்குப் பியூன் ஜன்னலைச் சாத்தும்போதுதான் எழுந்தாள்.

"திங்கக்கெழம வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சொன்னபடியே வந்தாள். வெள்ளைத் தாளில் மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, கொண்டுவந்து நீட்டினாள். அதற்கடுத்த திங்கட்கிழமையும் வந்தாள், அதற்கடுத்ததும் வந்தாள். ஆடிப்பூரத் தேருக்கு ஊரே நெரிந்து, பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்ட வாரத்தில்கூட, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கோபித்துப் பேசவில்லை, கெஞ்சவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான். மனுவுக்குப் பதில் எங்கே சார்?

ஒன்பதாவது திங்கட்கிழமை ஹெட் கிளார்க்குக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தம்மாவுக்கு ஒரு பதிலத் தட்டிக் குடுத்து அனுப்பும்மா. நிராகரிக்கப்பட்டதுன்னு போடு" என்று ஜெயபாயிடம் சத்தம் போட்டார்.

"என்ன காரணம்னு போடணும் சார்?" என்று கேட்டாள் ஜெயபாய்.

"இருக்கிற ரூலப் பாத்துப் போடு."

ஜெயபாய் ரூல் புத்தகத்தைப் பார்த்துத்தான் போட்டாள். ஒரு வரி விடவில்லை. சுடலையம்மாள் அந்தத் தாளை மடித்து முந்தியில் முடிந்துகொண்டு, திரும்பி வரும்போது பஸ்ஸில் பிரித்து எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

'தனிநபர் நிலத்தில் மட்டும் பணி மேற்கொள்ள வழிவகை இல்லை. நாற்பது ஏக்கருக்குக் குறையாத ஒரே தொகுப்பான சரிவு நிலமும், அதிலுள்ள பட்டாதாரர்கள் அனைவரின் சம்மதக் கையொப்பமும் இருந்தால் மட்டுமே பரிசீலிக்க இயலும். எனவே தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது.'

கடைசி வரியை அவள் கண்டுகொள்ளவே இல்லை. அதற்கு முந்தின வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தாள். நாற்பது ஏக்கர். எல்லார் கையெழுத்தும். ஐந்து மாதமாக எந்த ஆபீஸிலும் எவரும் சொல்லாத விஷயத்தை, போ என்று விரட்டிய தாள் சொல்லிவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த முகம் தெரியாத பொம்பளையிடம், "நாப்பது ஏக்கர் சேத்தாப் போதுமாம்" என்றாள். அந்தப் பொம்பளை என்னத்தைக் கண்டாள், "அப்படியா?" என்றாள்.

முதலில் பட்டா அவள் பெயருக்கு மாற வேண்டியிருந்தது. காசிராஜன் வி.ஏ.ஓ.விடம் போய், அது கூட்டுச் சொத்து, அவள் பெயருக்கு மாற்றக் கூடாது என்று தடை சொன்னான். தவசிமுத்துவும் அவனும் பாகம் பிரித்துக்கொண்ட பத்திரத்தைச் சுடலையம்மாள் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், வி.ஏ.ஓ. மேஜையில் விரித்து வைத்தாள். கீழே காசிராஜனே போட்ட கையெழுத்தின் மேல் விரலை வைத்து, "இது யார் கையெழுத்துன்னு அவியகிட்டயே கேளுங்க" என்றாள். அதற்குப் பின்னும் ஏழு மாதம் இழுத்தது. ஆனால் மாறியது.

அதற்குள் அவள் சரிவில் நிலம் வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி இறங்கினாள். களையெடுக்கிற இடத்துக்கே போய்ப் பேசினாள். சிலர் சிரித்தார்கள். வரப்பு போட்டால் நிலத்தில் அஞ்சு சென்ட் போய்விடுமே என்று சிலர் இழுத்தார்கள். "வருசா வருசம் ஓடையில போறது எத்தன சென்ட்டுன்னு கணக்குப் பாத்தியளா?" என்று கேட்டாள். அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முப்பத்தேழு ஏக்கர் வந்தது. காசிராஜனின் நாலு ஏக்கரும் சேர்ந்தால் நாற்பத்தொன்று.

அவனுக்கு அது தெரிந்தே இருந்தது. வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னான்:

"ஒரு பொம்பள கூப்பிட்டு ஆம்பளைய கையெழுத்துப் போடுற காலம் இன்னும் வரல மதினி. என் கையெழுத்து இல்லாம ஒரு மம்பட்டி மண்ணு விழாது. பாத்துக்கிடுங்க."

சுடலையம்மாள் நேரே காட்டுக்குப் போனாள். சரிவில் ஏறி நின்று பார்த்தாள். கீழே காசிராஜன் நிலம். மேலே, பாறைப் பொட்டலை ஒட்டி, மாரியாத்தாளின் மூன்றரை ஏக்கர். கல்லும் சரளும் கிடக்கிற காடு என்று அதை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. சுடலையம்மாளும் அந்த ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டிருந்தாள். ஆனால் அதுவும் இந்தச் சரிவுதானே. அதுவும் தொகுப்பில் ஒட்டித்தானே கிடக்கிறது.

மாரியாத்தாள் அவளைவிடப் பத்து வயது மூத்தவள். வாய் நீளம். "ஏட்டி சுடல, என் கல்லுக்காட்டையா கேக்க? எடுத்துக்கோட்டி" என்று சொல்லி, மசியில் கட்டைவிரலை முக்கி ஓங்கி ஒரு உருட்டு உருட்டினாள். நாற்பது ஏக்கர் ஐம்பது சென்ட். பதின்மூன்று பேர். காசிராஜன் இல்லாமலே கணக்கு நேராகிவிட்டது. அவன் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை என்று அவன் பெண்டாட்டி கிணற்றடியில் சொன்னாள்.

தாள்களை ஹெட் கிளார்க் மேஜையில் வைத்தபோது அவர் எண்ணிப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார். ரசீது போட்டுக் கொடுத்தார். ஜெயபாய் தலையைத் தூக்கவில்லை. ஆனால் அவள் கன்னம் சிரித்ததைச் சுடலையம்மாள் பார்த்துவிட்டாள்.

அளந்து, படம் போட்டு, உத்தரவு வர தொண்ணூறாம் வருஷம் சித்திரை ஆகிவிட்டது. உதவி இன்ஜினியர் கருத்தப்பாண்டி என்ற இளவட்டம் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனான். வரப்பு என்ன அளவு என்று சுடலையம்மாள் கேட்டாள். "அடியில ஆறடி அகலம், உயரம் ரெண்டரை அடி" என்றான் அவன். அவள் ஒரு கருவேலங்கம்பை நேராகச் சீவி, அவன் டேப்பிலேயே வைத்து அளந்து, இரண்டரை அடியில் அரிவாளால் ஒரு வெட்டுக் குறி போட்டாள். "எதுக்கும்மா?" என்று கேட்டான். "சும்மா தம்பி" என்றாள்.

காண்ட்ராக்ட் எடுத்தவன் ஐயாதுரை. வெள்ளை வேட்டி, ராஜ்தூத் மோட்டார் பைக். முதல் மூன்று வரப்பைச் சரியாகப் போட்டான். பிறகு வேகம் பிடித்தது. ஒன்பது வரப்பு, பதினாறே நாளில் முடிந்துவிட்டது. சுடலையம்மாள் கம்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரப்பாக நடந்தாள். நாலாவதில் கம்பின் குறி மண்ணுக்கு மேலே நின்றது. ஐந்தாவதில் இன்னும் மேலே. கடைசி வரப்பு அவள் முழங்காலைத் தொடவில்லை. காலால் ஒரு உதை விட்டாள். பொலபொலவென்று சரிந்தது.

வேலை முடிந்துவிட்டது என்ற தாளில் பதின்மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஐயாதுரை வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, ஆளுக்கொரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். பன்னிரண்டு பேர் போட்டார்கள். சுடலையம்மாள் கலர் பாட்டிலை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு, "நான் போடமாட்டேன்" என்றாள்.

"என்ன கொறையக் கண்ட?"

"ஒரு அடி கொறையுது. குறுக்கயும் கொறையுது. தாளுல என்ன இருக்கோ அது மண்ணுல இருக்கணும்."

ஐயாதுரை சிரித்தான். "இங்க பாரு. நீ போடலைன்னா பில் பாஸாகாது. உங்க ஊரை லிஸ்ட்ல இருந்தே எடுத்திருவான். அடுத்த பத்து வருசத்துக்கு எந்தத் திட்டமும் வராது. அந்தப் பழிய நீ ஏத்துக்கிடுதியா?"

அவன் பைக் கிளம்பிப் போனதும் ஊர்ச் சனம் அவளைப் பிடித்துக்கொண்டது. கூடக் கையெழுத்துப் போட்டவர்களே கத்தினார்கள். ஓசியில் வந்த வரப்பு, ஒரு அடி முன்னே பின்னே இருந்தால் என்ன என்றார்கள். காசிராஜன் சந்தர்ப்பம் பார்த்து, "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றான். எல்லாரையும்விட மாரியாத்தாள்தான் அவளை உலுக்கிவிட்டாள்.

"ஏட்டி, என் கல்லுக்காட்டுல இன்னைக்கு வரைக்கும் எந்தப் பய கால் வச்சான்? இப்பத்தான் வந்திருக்கான். கெடைச்சதையும் கெடுத்துராத. போட்டுத் தொலைட்டி."

சுடலையம்மாள் இரண்டு வருஷம் அலைந்து சேர்த்த அத்தனை பேரும் எதிரே நின்றார்கள். போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைக்கத்தான் செய்தாள். அப்புறம் சரிவைப் பார்த்தாள். அந்தக் குட்டை வரப்புகள் மழைக்காலம் வரைக்கும் நிற்காது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"பிச்சை போட்டிருந்தான்னா அளக்கமாட்டேன்க்கா. இது பிச்சையில்ல. நமக்குன்னு ஒதுக்குன மண்ணு. அதுல ஒரு அடிய அவன் எடுத்துட்டுப் போறான். நான் போடமாட்டேன். நீங்க எம்புட்டுத் திட்டினாலும் போடமாட்டேன்."

அடுத்த நாள் சீவிலிபுத்தூரில் கருத்தப்பாண்டி முன்னால் போய் நின்றாள். கம்பும் கையில் இருந்தது. அவன் ஏற்கெனவே ஐயாதுரை சொன்னதைக் கேட்டிருந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "விட்டுக் குடுத்துப் போங்கம்மா" என்றான்.

"தம்பி, நீங்க சொன்ன அளவு. உங்க டேப்புல வச்சு வெட்டுன குறி. சரியாயிருக்குன்னு நீங்களே வந்து அளந்து சொல்லிட்டா, அங்கயே கையெழுத்துப் போடுதேன்."

அவன் நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள், வெயில் ஏறின நேரத்தில், ஜீப்பில் வந்து இறங்கினான். ஐயாதுரையும் கூட வந்தான். ஊரே காட்டில் கூடிவிட்டது. கருத்தப்பாண்டி ஒன்பது இடத்தில் டேப் வைத்தான். ஒவ்வொன்றையும் தன் அளவுப் புத்தகத்தில் எழுதினான். எழுதி முடித்து மூடப் போனபோது சுடலையம்மாள் சொன்னாள்:

"எழுதினத வாசிச்சுக் காட்டுங்க தம்பி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

ஐயாதுரை ஏதோ சொல்ல வாயெடுத்தான். கருத்தப்பாண்டி அவனைப் பார்க்கவில்லை. புத்தகத்தைத் திறந்தான். கூட்டத்தைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, உரக்க வாசித்தான். "நாலாவது வரப்பு, உயரம் ஒண்ணே முக்கால் அடி. அஞ்சாவது, ஒண்ணரை. ஆறாவது, ஒண்ணரை. கடைசி வரப்பு, ஒண்ணேகால்."

மாரியாத்தாள் ஐயாதுரையைப் பார்த்து, "அடப்பாவி" என்றாள்.

ஐயாதுரை ஆட்களை மறுபடி கொண்டுவர வைகாசிக் கடைசி ஆயிற்று. அரைமனதாகத்தான் செய்தான். நாலு முதல் ஏழு வரை உயர்த்திக் கட்டினான். சுடலையம்மாள் தினமும் கம்போடு போய் நின்றாள். மேலே மாரியாத்தாள் காட்டில் விழுந்த கடைசி இரண்டும் சரளில் போட வேண்டியவை. அங்கே வேலை கஷ்டம். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனவன் போனவன்தான். வேலை முடிந்தது என்ற தாளில் சுடலையம்மாள் கையெழுத்து இல்லாமல், தாள் ஆபீஸிலேயே கிடந்தது.

ஐப்பசி மழை அந்த வருஷமும் அதே மாதிரிதான் கொட்டியது. விட்டதும் சுடலையம்மாள் காட்டுக்கு ஓடினாள். அவள் நிலத்தில் வரப்புக்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்கி நின்றது. செவேலென்று, அசையாமல். பருத்திக் கன்றுகள் தலையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றன. அவள் வரப்பின் மேல் ஏறி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாள். கால் புதையவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மேலேயிருந்து சத்தம் கேட்டது. மாரியாத்தாள் காட்டில் குட்டை வரப்பு இரண்டும் உடைந்திருந்தன. உடைப்பில் வந்த வெள்ளம் அவள் புதிதாக விதைத்திருந்த உளுந்தை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அடுத்த வரப்பு தாங்கிக்கொண்டதால் கீழ்க்காடுகள் தப்பின. மாரியாத்தாள் சேற்றில் முழங்கால் முட்ட நின்று, ஐயாதுரையின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைதுகொண்டிருந்தாள். சுடலையம்மாள் மம்பட்டியோடு ஏறிப் போனாள். காசிராஜன் பெண்டாட்டியும் ஒரு கூடையோடு வந்தாள். அவனும் செத்த நேரம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். கல்லைப் புரட்டிப் போட்டு, முள்ளை வெட்டிப் போட்டு, இருட்டுவதற்குள் உடைப்பை ஒருவழியாக அடைத்தார்கள்.

மறுநாள் காலையில் மாரியாத்தாளே சுடலையம்மாள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு வெள்ளைத் தாள். வந்ததும் வராததுமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மனு எழுதுட்டி. என் பேருல எழுது. நீ சொல்லி நான் கை வச்சது போதும். இப்ப நான் சொல்லுதேன், நீ எழுது."

சுடலையம்மாள் பேனாவைத் திறந்து, மேலே தேதி போட்டு, "மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு" என்று ஆரம்பித்தாள்.

மாரியாத்தாள் எட்டிப் பார்த்தாள். "என்னட்டி எழுதுத?"

"மதிப்பிற்குரியன்னு..."

"மதிப்பெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். மொதல்ல என் உளுந்த எழுது."